மந்திரிக்காத மண்ணில் என் அண்ணன்

என் உயிரினும் இனிய அண்ணன் சவரிமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை மரியஞானம் எழுதிக்கொள்வது. சென்ற ஐப்பசியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கள்ளிப் புதரோரம், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத மண்ணில் வைத்தோம். பாவத்தை விடாமல் இறந்தவனுக்கு உள்ளே இடமில்லை என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். ஓராண்டு நான் வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். இக்கடிதம் உங்களுக்கே, ஆயினும் இதைத் திருச்சிராப்பள்ளியில் அச்சிட்டு நம் ஊரார் கையிலும் கொடுப்பேன். அவர்களும் வாசிக்கட்டும்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் நம் வீடு தேடி வந்தார். நல்ல செய்தி என்றார். வருகிற கல்லறைத் திருநாளில் உங்களை எடுத்து, உள்ளே நம் தாய் தந்தையர் பக்கத்தில் வைக்கச் சாமியார் சம்மதித்தாராம். அதற்கு இரண்டு காரியங்கள் நடக்கவேண்டும். சாகுந்தருவாயில் நீங்கள் செய்த பாவத்துக்கு வருந்தி மனஸ்தாபப்பட்டு அழுதீர்கள் என்று நான் கோவிலில் எல்லார் முன்னிலையிலும் சாட்சி சொல்லவேண்டும். உங்களோடு நம் வீட்டில் இருந்த அடைக்கலம் அண்ணன் ஊரை விட்டுப் போகவேண்டும்.

"ஒரே ஒரு வார்த்தைதான் ஆத்தா. கண்ணீர் விட்டாருன்னு சொல்லிருங்க. கூட இருந்தது நீங்கதானே, வேற யாருக்குத் தெரியப்போகுது?"

"கண்ணீர் விட்டாங்கதான். காய்ச்சலு அப்படி அடிச்சுச்சு. கண்ணெரிச்சல்ல விட்டதுக்கு நான் மனஸ்தாபம்னு பேரு வைக்கவா?"

"நல்லதுக்குச் சொல்ற பொய்யிதானே."

"பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற எட்டாங் கற்பனையை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் உபதேசியாரே. இப்ப நீங்களே அழிக்கச் சொல்றீங்க."

அவர் கெட்டவர் அல்லர், அண்ணா. தலையைச் சொறிந்துகொண்டு, நான் கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

நீங்கள் இறந்த அன்று நடந்ததை ஊரார் பலவாறு பேசுகிறார்கள். நான் கண்டதை எழுதுகிறேன். சாமியார் அவஸ்தை பூசுவதற்கு, சாகிறவர்களுக்கென்று மந்திரித்த எண்ணெயோடு வந்தார். கட்டிலருகே அடைக்கலம் அண்ணன் ஈரத்துணியோடு நின்றார். "இவனை இனிமே வீட்டுல சேக்கமாட்டேன்னு சொல்லு" என்றார் சாமியார். நீங்கள் கையை நீட்டி அடைக்கலத்தின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டீர்கள். "அவன் இங்கிட்டே இருக்கட்டும்" என்றீர்கள். அதுவே உங்கள் கடைசிச் சொல். சாமியார் எண்ணெயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அடைக்கலம் யாரென்று அறியாதார் எவருமிலர். நம் கிணற்றில் ஏற்றம் மிதிக்க ஆளின்றி நீங்கள் தவித்த கோடையில் வந்தவர். நீங்கள் மேலே மிதித்து நடக்க, அவர் கீழே நீர் மொள்ளும் சாலைப் பிடித்தார். மேலே நடப்பவனுக்குக் கால் தவறினால் கீழே நிற்பவனுக்கு மண்டை உடையும். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் உடையவில்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் இருப்பதுபோல் நீங்கள் இருவரும் இருந்தீர்கள். இதை ஊர் அறிந்திருந்தது. பெயர் சொல்லாமல் அறிந்திருந்தது. தாலியிழந்து நான் திரும்பி வந்தபோது எனக்குக் கூரை கொடுத்ததும் அந்த வீடுதான்.

பெயர் சொன்னவர் இந்தச் சாமியார்தான். இருவரும் பிரிந்தாலன்றி, உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு உங்கள் பாவங்களைக் கேட்டு மன்னிக்கும் பாவசங்கீர்த்தனம் தரமாட்டேன் என்றார். இரண்டு பாஸ்குக்கள் நீங்கள் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்காமல் கோவில் வாசலில் நின்றீர்கள். அந்த நிற்றலை நான் மறக்கவில்லை.

நான் பள்ளி சென்றவள் அல்லள். ஞானோபதேசப் புத்தகத்தின் கிழிந்த ஏடுகளில் எழுத்துக்கூட்டிக் கற்றவள். ஆதலால் அதை மற்றவர்களைவிட மெதுவாக வாசித்திருக்கிறேன். வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள் என்று அதில் நான்கு உண்டு. உங்களுடையது அவற்றுள் ஒன்றென்று சாமியார் விரல் வைத்துக் காட்டினார்.

"அதுக்கு அடுத்த வரியையும் வாசிங்க சாமி" என்றேன். விதவைகளையும் அனாதைகளையும் ஒடுக்குவது அடுத்த வரி. செத்துப்போன தம்பியின் மனைவியையும் அவள் பிள்ளைகளையும் நிலத்தைவிட்டு அடித்துத் துரத்திய பெரியவீட்டுக்காரர், மதிலுக்கு உள்ளே, சிலுவை நட்ட கல்லறையில் உறங்குகிறார். அவரிடம் யாரும் மனஸ்தாபம் கேட்கவில்லையே?

"பொம்பளைக்கு இவ்வளவு வாசிப்பு ஆகாது" என்றார் சாமியார். விரலை எடுத்துப் புத்தகத்தை மூடினார்.

அண்ணா, உங்களை மன்னித்தேன் என்று நான் எழுதமாட்டேன். மன்னிக்க ஏதுமில்லை. பாவம் என்றால் அதனால் யாராவது அழுதிருக்கவேண்டும். உங்கள் அன்பால் இந்த ஊரில் அழுதவர் யார்? சர்வேசுரன் என்னிடம் கேட்டாலும் இதையே சொல்வேன். ஏனோ, அவர் கேட்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

உபதேசியார் போனபின் அடைக்கலம் அண்ணன் மோர்க் குவளையைக் கழுவி வைத்தார். பிறகு, "நான் போயிர்றேன் தங்கச்சி. மலாயாவுக்கு ஆள் எடுக்குறாங்களாம். அவன் ஆத்தா அப்பன் பக்கத்துல உள்ள படுக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டையை மடிக்கத் தொடங்கினார். இருப்பது இரண்டு சட்டை, ஒன்று உங்களுடையது.

அந்த ஒரு கணம் நான் தளர்ந்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. ஆத்தாளின் கால்மாட்டில் உங்களைக் காண எனக்கு ஆசையில்லையா? நீங்களும் அதைத்தான் விரும்புவீர்களோ? யாரிடம் கேட்பேன்? நீங்கள் விட்டுப்போன சொல் ஒன்றே ஒன்று. அதைத்தான் கேட்டேன்.

"சட்டையை வைங்கண்ணே" என்றேன். "இங்கிட்டே இருக்கட்டும்னு அண்ணன் சொன்னாங்க. அதை மாத்த சாமியாருக்கும் உரிமையில்ல, உங்களுக்கும் உரிமையில்ல."

நேற்று இருவருமாகச் சுண்ணாம்பு கரைத்து உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்தோம். தண்ணீர்க் குடத்தோடு போன மேலத்தெரு ரோசம்மாள் நின்று பார்த்தாள். "மதிலுக்கு வெளிய கெடக்குறதுக்கு வெள்ளை எதுக்குடி, ஆடு வந்து நக்கவா?" என்றாள்.

"ஆடு வரட்டும்டி. அது பாவம் புண்ணியம் கேக்காது" என்றேன். சிரிக்காதிருக்க முயன்றாள், முடியவில்லை. போகும்போது குடத்தைச் சரித்து எங்கள் சுண்ணாம்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

வருகிற ஞாயிறு கோவிலில் எழுந்து நிற்பேன். பொய்ச்சாட்சி சொல்ல அல்ல. நீங்கள் சொன்ன அந்தச் சொல்லை, நீங்கள் சொன்னபடியே, எல்லார் காதிலும் விழச் சொல்ல. உபதேசியாரிடம் இன்னொன்றும் தெரிவித்தாயிற்று. உங்கள் வலப்பக்கம் அடைக்கலம் அண்ணனுக்கு. இடப்பக்கம் எனக்கு. இரண்டு இடத்திலும் கல் நட்டு வைத்திருக்கிறோம். மதில் அங்கேயே நிற்கட்டும். நாம் மூவரும் வெளியே ஒன்றாக இருப்போம். இது என் வாக்கு.

இங்ஙனம்,
உங்கள் இருவருக்கும் உடன்பிறந்த தங்கை,
மரியஞானம்