தேங்காய் எண்ணெய் தடவிய கிளவுஸ்

என்னங்க,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை. எங்கே இருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அதே எடமலைப்பட்டி புதூர் வீட்டில்தான் இருக்கிறோம். மகள் காலேஜ் போகிறாள். லைன்மேன் வேலையில் இருக்கும்போதே நீங்கள் போய்விட்டதால் எனக்குத் தென்னூர் மின்வாரிய ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு ரப்பர் கிளவுஸைச் சோதித்துக் கொடுக்க வேண்டும். ஃபியூஸ் போனால் உங்களுக்குப் போன் போட்டுக் கத்துகிறவள், இப்போது லைன்மேன்களுக்கே உத்தரவு போடுகிறேன். சிரிப்பீர்கள்.

போன மாதம் எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. இன்ஜினியர் அம்மா ஒருத்தர் செய்து காட்டினார். கிளவுஸின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, விரல்கள் புடைத்ததும் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று கன்னத்தில் படும். எனக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தேன்.

பிறகு அவர் சொன்னார்: "சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. எண்ணெய் மட்டும் பட்டுடவே கூடாது. எந்த எண்ணெயா இருந்தாலும் ரப்பர் ஊறி உப்பி, வலு போயிடும்."

கையிலிருந்த கிளவுஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"கிளவுஸ் விறைச்சுக் கிடக்கு விஜயா, விரலை மடக்க முடியல" என்று நீங்கள் அலுத்துக்கொண்ட அன்று, தேங்காய் எண்ணெய் எடுத்து விரல் விரலாகத் தடவியது நான்தானே? மகளுக்குத் தலைக்கு வைத்த கையோடு உங்கள் கிளவுஸுக்கும் வைத்தேன். மறுநாள் "மெத்துன்னு ஆயிடுச்சு" என்று மெச்சினீர்கள். அந்த ஒரு சொல்லில் மயங்கி வாராவாரம் தடவினேன். உங்களுக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்தும் என் மனசு நோகக் கூடாது என்று இருந்துவிட்டீர்களா?

மழை விட்ட காலையில் ஸ்ரீரங்கத்தில் கம்பம் ஏறினீர்கள். லைனை அணைத்துவிட்டுத்தான் ஏறினீர்கள். எந்த வீட்டிலோ போட்ட ஜெனரேட்டரின் கரண்ட் கம்பியில் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். கூட்டத்தில், சேற்றில், அந்தக் கிளவுஸ் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "போடாமத்தான் ஏறியிருப்பாரு" என்று வாய் கூசாமல் சொன்னார்கள்.

கீழே நின்ற உங்கள் கூட்டாளி செல்வராஜ் அண்ணனைக் கேட்டேன். "போட்டிருந்தாரு தங்கச்சி. என் கண்ணால பார்த்தேன்" என்றார். நீங்கள் எங்களை மறந்துவிட்டு ஏறவில்லை என்ற அந்த ஆறுதலில்தான் இரண்டு வருடத்தை ஓட்டினேன்.

வகுப்பு முடிந்த மறுநாள் பஸ் ஏறிக் காட்டூரில் அவர் வீட்டுக்குப் போனேன். எண்ணெய் தடவியதைச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. அன்னிக்கு அவரு போடல. நீ அழுததைப் பார்த்துட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எதுங்க பொய்? அன்று சொன்னதா, இன்று சொன்னதா? அவர் நல்ல மனுஷன், இரண்டையும் எனக்காகவே சொல்லியிருப்பார். போட்டிருந்தீர்கள் என்றால் உங்களைக் கொன்றது என் கை. போடவில்லை என்றால் அலட்சியமாக எங்களை விட்டுப் போனது நீங்கள். நீங்கள் போடாமலே ஏறியிருக்கக் கூடாதா என்று இந்தப் பாழும் மனசு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டது. என்னை மன்னியுங்கள்.

நேற்று ஸ்டோருக்கு வந்த லைன்மேன் ஒருவர் கிளவுஸைப் போட்டுப் பார்த்துவிட்டு, "விறைப்பா இருக்குங்க. பரவால்ல, எங்க வீட்ல எண்ணெய் போட்டு மெத்துன்னு ஆக்கிடுவாங்க" என்றார். "கூடாதுங்க, ரூல்ஸ்ல இருக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர் காதில் அது ஏறவே இல்லை. ரூல்ஸ் யார் காதில் ஏறும்?

நாளைக்கு அவருடைய மனைவிக்கே போன் போட்டு, "நான் தடவினேம்மா, எங்க வீட்டுக்காரர் திரும்பி வரல" என்று சொல்லப்போகிறேன். இனிக் கிளவுஸ் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். ஊர் வாய் மகள் காதுக்குக் கொண்டுபோவதற்குள், இன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. ஆனாலும் சொல்வேன், இது சத்தியம்.

இன்னமும் உங்கள் மனைவியாகவே இருக்க ஆசைப்படும்,
விஜயா