முதலில் விரல், பிறகு கள்

மச்சான்,

உன் தங்கை ஹெர்லிண்டாவைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. வேறு விஷயம் எழுதுகிறேன்.

காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும் மலேரியா சோதனை செய்தால் போதும் என்று சுகாதாரத் துறை மேலதிகாரி மறுபடியும் சொல்லி அனுப்பினார். நான்கு வருடம் அப்படித்தான் செய்தேன். அதே மலேரியா அவளைக் கொண்டுபோன பிறகு, இனி முடியாது என்று பதில் எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய ஊரே கூடியது. வேலை முடிந்ததும் மரவள்ளிக் கள்ளுப் பானையை நான் பிடித்துக்கொண்டேன். "முதல்ல விரலக் குடு, அப்புறம்தான் கள்ளு" என்றேன்.

"காய்ச்சலே இல்லாதவன் ரத்தம் உனக்கெதுக்குடா, கொசுவுக்கு விக்கவா?" என்று படகுக்கார எலியேசர் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் விரலை நீட்டினார்கள்.

நகரத்து ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேரில் பதினொரு பேர் ரத்தத்தில் கிருமி இருக்கிறது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, ஆனால் அவர்களைக் கடிக்கும் கொசு கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டேன். வேலையைப் பறித்தால் பறிக்கட்டும்.

சனிக்கிழமை நீ மரம்வெட்டும் முகாமிலிருந்து வருகிறாய். உன் மனைவிக்கு இது ஆறாம் மாதம். ஹெர்லிண்டா போனபோது அவளுக்கும் ஆறாம் மாதம்தான். வீட்டுக்குப் போகுமுன் என்னிடம் வந்து விரலைக் கொடு.

"நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருவன். அவளும் நானும் ஒரே கொசுவலைக்குள்தான் படுத்தோம்.

உன் தங்கை புருஷன்