ஒரு குவார்ட்டர்பேக்கை விசாரித்த கதை

பெப்ரவரி 2, திங்கள்

மைனஸ் பத்தொன்பது. காரின் முன்கண்ணாடி ஐஸ் சுரண்டிக் கை மரத்துப்போனது. வேலைக்குப் பிந்திப் போனேன். பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். (பெரியவர் = எங்கள் கழகத்தின் ஜெனரல் மனேஜர். இந்த டயறியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் அங்கே ஒருவருக்கும் விளங்காது. அந்தச் சுகத்துக்காகத்தான் தமிழில் எழுதுகிறேன்.)

காலைக் கூட்டம். ஒரே விஷயம். குவார்ட்டர்பேக். இனிமேல் கு.பே., எழுதிக் கை வலிக்கிறது. கனடிய ஃபுட்போலில் பந்தைக் கையால் எறிகிறவன், ஆட்டத்தை நடத்துகிறவன், தோற்றால் முதல் திட்டு வாங்குகிறவன். ஆட்டக்காரர் தேடும் வேலைக்கு நான் இங்கே சேர்ந்த நாள் முதல் இந்த ஒரு இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறோம். ஒருவன் வருவான், ஒரு வருடம் நிற்பான், தோள்மூட்டு விலகும், இல்லாவிட்டால் மனம் விலகும். திரும்பவும் முதலிலிருந்து.

பெரியவர்: "ஒரு வருசத்துக்கு ஆள் தேடித் தேடி எனக்கு அலுத்துப்போச்சு. பத்து வருசம் நிக்கிறவன் வேணும். எங்கட கழகத்தின்ர பேரைச் சொன்னால் அவன்ர முகம் ஞாபகம் வரவேணும்."

(சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் இங்கே எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். என் டயறி, என் சட்டம்.)

மிஞ்சியிருப்பது இரண்டு பேர்.

நெட்டையன் – அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் பெரிய பெயர். பார்த்தாலே கண் நிறையும். பந்து கையைவிட்டுப் போனால் எங்கேயோ போய் விழும். ரெஜானின் ஆள். எல்லாருடைய ஆளும்.

கட்டையன் – மேற்கில் ஒரு கழகத்தில் இரண்டாம் கு.பே. இந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. என் ஆள். எனக்கு மட்டும்.

ரெஜான் எங்கள் பிரிவில் மூத்தவர். "முன்னால நிக்கிற தடியன்களுக்கு மேலால எட்டிப் பாக்க அவனுக்கு ஏணி வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்து முடித்து, "ஏணியை நான் கொண்டு வாறன்" என்றேன்.

முடிவு அடுத்த செவ்வாய்.

வாங்க வேண்டியது: பால், கறிவேப்பிலை, உப்பு (வாசலுக்குப் போடுவது).

பெப்ரவரி 4, புதன்

நாள் முழுக்க வீடியோ. கண் எரிச்சல். மதியம் அம்மா கட்டித் தந்த புட்டு, முட்டைப் பொரியல். மைக்ரோவேவில் சூடாக்கினால் எவனாவது வந்து "என்ன வாசம்?" என்று கேட்பான் என்பதால் குளிரக் குளிரச் சாப்பிட்டேன். நாளைக்குச் சூடாக்கப் போகிறேன். கேட்கட்டும்.

ஒரு விஷயம் பிடிபட்டது. எறிதலைப் பார்க்காமல், எறிந்து முடிந்த பிறகு நடப்பதைப் பார்த்தேன். நெட்டையனை எதிரணி விழுத்தினால் அவனே எழும்பி உடுப்பைத் தட்டிக்கொள்கிறான். கட்டையனை விழுத்தினால் தூக்கிவிட நாலு பேர் ஓடி வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும். ஏன்?

ரெஜானிடம் காட்டினேன். "அவன் அடிக்கடி விழுகிறான் எண்டுதானே இதுக்கு அர்த்தம்" என்றார். மனுசன் பதில் சொல்வதில் கெட்டிக்காரன்.

வீடு. அம்மா ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன். தம்பி சுதனுக்குப் பெண் பார்க்கிறாள் அல்லவா, ஸ்காபரோவில் ஒரு பெண் வீட்டுப் பகுதி. போன் ஸ்பீக்கரில், கை வெங்காயத்தில்.

"அவையின்ர சொந்தக்காரரிட்டக் கேட்டு என்ன பிரயோசனம்? தங்கமான பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். முந்தி ஒரு இடம் பேசிக் குழம்பினதெண்டு கேள்விப்பட்டன். அந்தப் பகுதி ஆரெண்டு கேட்டுச் சொல்லு. அவையிட்டத்தான் விசாரிக்கவேணும்."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. கட்டையனைப் பற்றி நாங்கள் யாரிடம் கேட்டோம்? அவனுடைய பயிற்சியாளரிடம். ஏஜெண்டிடம். எல்லாரும் சொந்தக்காரர்.

பெப்ரவரி 6, வெள்ளி

பனி கொட்டுகிறது. வீட்டிலிருந்து வேலை.

கட்டையனோடு குழம்பின பகுதியைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் ட்ரெவர். பந்து பிடிக்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன் கட்டையனோடு அதே கழகத்தில். உடுப்பு மாற்றும் அறையில் இருவருக்கும் பெரிய சண்டை, அதற்கு அடுத்த கிழமை ட்ரெவரைக் கழகம் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கழகமும் எடுக்கவில்லை. இப்போது ஹலிபாக்ஸில் ஒரு ஜிம்மில் வேலை.

போன் எடுத்தேன். முதலில் வேலை தரக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான். இல்லை என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"எனக்கு அவனைப் பிடிக்காது. நல்லா எழுதிக்கொள்ளுங்கோ. அண்டைக்கு நான் கால் நோவோட ஓடினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவன் எல்லாருக்கும் முன்னால என்னைச் சோம்பேறி எண்டு கத்தினவன்."

பிறகு வழக்கமான கேள்விகள். குடிப்பானா? காசு விஷயம் எப்படி? கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? மனைவியோடு எப்படி? கேட்டுக்கொண்டு போகும்போதுதான் தெரிந்தது, என் வாயில் வருவது அப்படியே அம்மா.

கடைசியில்: "திரும்ப அவனோட விளையாடச் சொன்னால்?"

இல்லை என்பான் என்று நினைத்து எழுதவே தொடங்கிவிட்டேன்.

"நாளைக்கே வருவன்."

"பிடிக்காதெண்டு சொன்னியள்."

"பிடிக்காதுதான். ஆனால் அவன் நிண்டால் வெல்லலாம் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். வேற ஆரோட விளையாடினாலும் எனக்கு அப்பிடி இருந்ததில்லை."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். பகைவன் வாயால் வந்த சான்றிதழ். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒருபக்கம் சாய்ந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்று நெட்டையனையும் அதே மாதிரி விசாரித்தேன். பழைய கூட்டாளிகள், அவன் வந்ததால் இடம் இழந்தவர்கள். எல்லாரும் "நல்ல பெடியன்" என்றார்கள். ஒரு சம்பவம் சொல்லச் சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

கெட்ட நாள்.

நான் மறந்துபோன ஒன்று: எங்கள் ஆட்களிடையே விசாரிப்பு ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. காலையில் கேட்டால் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான் ஆகிவிட்டது. கட்டையனின் ஏஜெண்ட் பெரியவருக்குப் போன் எடுத்துக் கத்தியிருக்கிறான். "ஆர் அந்தப் பொம்பிளை? என்ர ஆள் குடிக்கிறவனோ, பெண்சாதியோடை சண்டையோ எண்டு ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரியிறா?" மேற்கில் இன்னொரு கழகம் அவனைக் கேட்கிறதாம், அவன் அங்கேயே போகப்போகிறானாம்.

பெரியவரின் அறை. ரெஜானும் இருந்தார்.

"உதென்ன வேலை செய்தனீர்?"

சொன்னேன். எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு எப்படி விசாரிப்பார்கள், சொந்தக்காரரிடம் ஏன் கேட்க மாட்டார்கள், எல்லாம். "நீங்கள் பத்து வருசத்துக்கு ஆள் கேட்டனீங்கள். பத்து வருசம் எண்டால் அது கலியாணம்தானே?"

ரெஜான் கூரையைப் பார்த்தார். பெரியவர் பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து.

"சரி. அந்தக் குழம்பின பகுதி என்ன சொன்னது?"

சொன்னேன். பிடிக்காது என்றதையும் சொன்னேன். நாளைக்கே வருவன் என்றதையும் சொன்னேன்.

"நாளைக்குக் கதைப்பம்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா: "செவ்வாய்க்கிழமையோ முடிவு எடுக்கினம்? செவ்வாயோ வெறுவாயோ எண்டுவினம். புதனுக்கு மாத்தச் சொல்லன்." பெரியவரிடம் போய் இதைச் சொல்லும் காட்சியை நினைத்து இன்று முதல் தடவை சிரித்தேன்.

வேலை போகலாம். போனால் போகட்டும் என்று எழுதப் பார்க்கிறேன், எழுத வரவில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். பந்தைத் தொட்டே பார்க்காத ஒருத்தி என்று சொன்ன அத்தனை பேருக்கும் நடுவில் பிடித்த கதிரை இது.

பெப்ரவரி 10, செவ்வாய்

கூட்டம் நீளம். ரெஜான் நன்றாகப் பேசினார். நெட்டையனின் எறிதல்கள் திரையில் ஓட, எனக்கே அவன் மேல் ஆசை வந்தது.

என் முறை. வீடியோ ஒன்றுதான் போட்டேன். கட்டையன் விழுகிறான், நாலு பேர் ஓடுகிறார்கள். திரும்ப விழுகிறான், திரும்ப ஓடுகிறார்கள். "அடிக்கடி விழுகிறான், உண்மை. அவையும் அடிக்கடி ஓடினம்" என்றேன். ரெஜானின் மீசைக்குள் ஒரு சிரிப்பு. பார்த்தேன்.

பெரியவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னிடம்: "பிழையாய்ப் போனால் உம்மட பேர்தான் வெளியில வரும். தெரியுமோ?"

"ஓம். போடுங்கோ."

கட்டையன்தான்!!! செவ்வாயாவது, வெறுவாயாவது.

ஆனால் அவன் எங்களிடம் வர வேண்டுமே. ஏஜெண்ட் இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கிறான்.

பெப்ரவரி 12, வியாழன்

ஒரு செய்தியும் இல்லை. போனைப் பார்த்துப் பார்த்து பற்றரி முடிந்தது. டெபனர் கடையில் பால் வாங்கப் போய்ப் பால் வாங்காமல் வந்தேன்.

அம்மா: "பொம்பிளைப் பகுதி ஓம் எண்டுட்டினம். பேசிக் குழம்பின பகுதியே நல்ல பிள்ளை எண்டு சொல்லிப்போட்டினம்." பிறகு வழக்கம்போல: "உனக்குத்தான் ஒருக்காலும் விசாரிக்க விடேல்லை."

சுதனுக்கு வாழ்த்து அனுப்பினேன். பொறாமையும் கொஞ்சம். அவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மாலை பெரியவரின் குறுஞ்செய்தி. கட்டையன் சனிக்கிழமை வருகிறானாம். இன்னும் கையெழுத்து இல்லை, பார்த்துப் பேசத்தான். ஒரு நிபந்தனை: விமான நிலையத்துக்கு அந்த விசாரித்த பொம்பிளைதான் வர வேண்டும்.

ஏசப் போகிறான். ஏசட்டும். காரைக் கழுவ வேண்டும்.

பெப்ரவரி 14, சனி

வெயில், ஆனால் குளிர். டோர்வல் விமான நிலையத்தில் பார்க்கிங் கிடைக்கவே இல்லை. வெளியே வந்தவனைக் கண்டதும் மனம் கொஞ்சம் இறங்கியது. உண்மையாகவே கட்டைதான். கழுத்தில் ஒரு சால்வை, கையில் ஒரு பை. தானே பையைப் பின்னால் போட்டான்.

நெடுஞ்சாலையில் ஏறினேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் செய்யவில்லை.

பிறகு அவனே: "ட்ரெவர் என்னைப் பற்றி என்ன சொன்னவன்?"

"அதைச் சொல்லக்கூடாது. எங்கட ஆக்களின்ர முறை."

"நீங்கள் கேட்டதுக்குப் பிறகு அவன் எனக்குப் போன் எடுத்தவன். ரெண்டு வருசத்துக்குப் பிறகு முதல் தரம். உன்னைப் பற்றிக் கேட்டினம், உள்ளதைச் சொன்னனான் எண்டான்."

நான் முன்னால் போன லொறியைத் தாண்டினேன்.

"அவனுக்கு அண்டைக்குக் கால் நோ எண்டது எனக்குப் பேந்துதான் தெரிய வந்தது. அதுக்குள்ள அவனை நிறுத்திப்போட்டினம். போன் எடுக்க எனக்கு முகமில்லாமல் இருந்திட்டன். பிழை என்ரதான்." பிறகு: "காசு விசயம் ஏஜெண்ட் பாப்பான். நான் கேக்கிறது ஒண்டுதான். ட்ரெவருக்கு நீங்கள் ஒரு சந்தர்ப்பம் குடுப்பியளோ? ஓடிக் காட்டட்டும். சரியில்லையெண்டால் அனுப்புங்கோ."

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தினேன். கண் கலங்கியதை அவன் பார்த்திருப்பான், பரவாயில்லை. வெளியே இறங்கி நின்று பெரியவருக்கு அடித்தேன். காது குளிரில் விறைத்தது. முழுவதையும் சொன்னேன்.

"உது ஏஜெண்டின்ர யோசினையோ?"

"இல்லை. இவன்ர."

பேனையை மூடித் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு: "அப்ப ட்ரெவரும் வந்து ஓடிக் காட்டட்டும். ஆள் இவன்தான்."

ஓம். ஆள் இவன்தான். கண்டுபிடித்தது நான்.