டூட்டி மாறியது

போலாரம், வெள்ளிக்கிழமை இரவு.

இரண்டு வருஷம் கழித்து இன்று காலை அவர் கப்பலிலிருந்து வந்தார். இப்போது செகண்ட் இன்ஜினீயராம். செருப்பைக் கழற்றியதும் வீட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். இயந்திரத்தின் சூட்டைப் பார்ப்பதுபோல் அடுப்பில் புறங்கையை வைத்தார். கிணற்று ராட்டினத்தைச் சுற்றிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். மீனாவின் நெற்றியிலும் அதே புறங்கை. அப்பா முகமே தெரியாத குழந்தை, "நக்கோ, வேணாம்!" என்று என் பின்னால் ஒளிந்தது.

கடைசியில் என்னிடம், "எல்லாம் சரியா இருக்கு. நீ போகலாம்" என்றார். கப்பலில் டூட்டி மாற்றும்போது அப்படித்தான் சொல்வார்களாம். சிரிப்பு வேறு.

"போறேன்" என்றேன். மீனா தூங்கியதும் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்துவிட்டு, செகந்திராபாத்திலிருந்து ஜட்கா பிடித்து இங்கே போலாரத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி கமலா" என்று வாசல்வரை வந்தார். இந்த இரண்டு வருஷம் எனக்கு விளையாட்டாக இல்லை.

டூட்டி மாற்றும்போது எந்தக் கோளாறையும் மறைக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். விளக்கை அணைத்தால் மீனா விழித்துக்கொண்டு என்னைக் கேட்டு அலறுவாள். அதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

இந்நேரம் அணைத்திருப்பார்.