கூடாரத்தில் ஒரு ரொட்டி அடுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

காசாபிளாங்காவிலிருந்து இதிரின் ஸலாம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

கால்பந்துத் திருவிழா ரசிகர்களுக்காக நான் வரைகிற கூடாரத்தின் வரைபடத்தில் போன வாரம் ஒரு வேடிக்கை. என்னை அறியாமல் ஒரு மூலையில் ரொட்டி அடுப்பும் வரைந்துவிட்டேன். மேலாளர் நெஸ்ஹா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன்ப்பா, மேட்ச் பார்க்க வர்றவங்க இங்க மாவு பிசையவா போறாங்க?"

நானும் சிரித்தேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு உனக்குக் கொடுத்த கூடாரத்தில் அடுப்பு அந்த மூலையில்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை.

பனி விழுமுன் வடக்குப் பக்கக் கயிற்றைத் தம்பியை இறுக்கிக் கட்டச் சொல். முடிந்தால் நீ சுட்ட ரொட்டி இரண்டு பஸ்ஸில் கொடுத்துவிடு. காய்ந்துபோனாலும் பரவாயில்லை.

என் கூடாரம் ஒரு மாதம் நின்றால் போதுமாம். பிரிக்கும் தேதியைக்கூடக் குறித்துவிட்டார்கள். உனக்கும் ஒரு மாதம் என்றுதான் சொன்னார்கள். இது மூன்றாவது குளிர்காலம், அம்மா.

நெஸ்ஹா கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் இதிர்