ஒரு மடக்குத் தண்ணீர்

நண்பா, இன்று பள்ளி ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும்போது உன் கல் கைக்கு வந்தது. வெள்ளைப் பொரி ஒட்டினதுபோல், பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள்களின் ஓடுகள் அப்பியிருக்கும் மணப்பாட்டுக் கடற்கரைக் கல். நீ போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை போலிருக்கிறது. தூசியைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் சின்ன வேலைக்கே அசந்து போகிறேன்.

நாம் இருவரும் இந்தக் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு விலங்கியல் வாத்தியார்களாக வந்த வருஷம், பிள்ளைகளை அந்த மணப்பாட்டுக் கடல்பாறைக்குக் கூட்டிப் போனோம். கடல் வற்றியிருந்த நேரம். பாசி அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. தொப்பி போட்ட மாதிரி ஓடுள்ள நத்தைகள் பாறையை இறுக்கிப் பிடித்திருந்தன. பார்னக்கிள்கள் ஓட்டுக் கதவைச் சாத்தியிருந்தன. கரிசல் காட்டுக்காரனுக்கு மனசு கேட்குமா? வீட்டுக்கு வந்தவருக்குச் செம்புத் தண்ணீரை நீட்டிவிட்டுத்தானே நாம் மற்றதைப் பேசுவோம். பாட்டிலைத் திறந்தேன். என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் திறந்தார்கள்.

“ஏலே, ஊத்தாத! நல்ல தண்ணி அதுக்கு ஆகாது,” என்று கையைப் பிடித்தாய். “அது தாகத்துல வாய மூடல. இருக்க கடல்தண்ணிய உள்ள வச்சுல்லா மூடியிருக்கு. அலை வார வரைக்கும் அதுக்கு அதுதான்.”

விலங்கியல் படித்தவன் நானும்தான். கை முந்திக்கொண்டது. அதைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் என்னைக் கேலி செய்தாய்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. குடிக்கும் தண்ணீரை டாக்டர் அளந்துவிட்டார். டயாலிசிஸுக்குப் போகும் நாளில், “இன்னைக்கு எனக்கு அலை வருதுலே,” என்பாய். உன் மனைவி தன் சிறுநீரகத்தைத் தருவதாக இருந்தார். ஆபரேஷன் வரைக்கும் உடம்பில் நீர் கோக்கக் கூடாது. “நானே கேட்டாலும் குடுத்துராத,” என்று என்னிடம் சொல்லி வைத்தாய். உன் வீட்டில் எனக்குச் செம்பு வரும்போது கூசுவேன். “குடிலே. நீ குடிக்கதப் பாத்தாவது எனக்கு நெஞ்சு நனையட்டும்.”

அந்தச் சித்திரை மத்தியானம் உன் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். “ஒரு மடக்கு தாலே,” என்றாய். நான் தரவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. உதட்டை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். மறுநாள் உன் இதயம் நின்றுவிட்டது. தண்ணீர் கொடுக்காதது சரிதான் என்றார் டாக்டர். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம், நீ இல்லாமல் முதல் தடவையாகப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். “பாவம் சார், தாகமா இருக்கும்லா,” என்று ஒருத்தி பாட்டிலைத் திறந்தாள். ஊற்றாதே என்று சொல்ல வேண்டியவன் நான். வாய் வரவில்லை. ஊற்றிவிட்டாள். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

அப்புறம் கடல் ஏறியது. காய்ந்த பாசி துவண்டு எழுந்தது. பார்னக்கிள்கள் திறந்து, இறகு போன்ற கால்களை வீசி இரை பிடித்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் பாட்டிலில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. குடிக்கவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை. அப்படியே மூடி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது உன் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.