பத்துக்கு நாலு

குன்சான்,
நவம்பர் 12

அன்புத் தம்பி தே-க்யூவுக்கு அக்கா இன்-ஹ்யே எழுதுவது.

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தையல் ஆறிவிட்டது, களைப்புதான் ஆறவில்லை. நீயும் சு-ஜொங்கும் இரட்டைப் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எனக்கு வார்த்தை வருவதற்குள் நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம்.

இருபத்தெட்டாம் தேதி என் சாமான்களை ஏற்ற லாரி அனுப்புவதாகச் சொன்னாய். "இத்தனை நாள் நீ தனியா இருந்தது போதும்க்கா, பேசாம கிளம்பி சுவோனுக்கு வா" என்றாய். உன் பயம் புரிகிறது. ஆனால் லாரி வேண்டாம், தம்பி.

அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை வயிற்றில் ஏதோ செய்தது. பசியா வலியா என்று எனக்குப் பிரித்துத் தெரிவதில்லை. கஞ்சி குடித்தும் போகாததால் கிளினிக்குக்கு நடந்தே போனேன். "வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார். பத்து என்றால் தாங்கவே முடியாத வலி என்று சுவரில் எழுதியிருந்தது. நான் தாங்கிக்கொண்டுதானே நின்றேன்? நன்றாக யோசித்து, நாலு என்றேன். செரிமான மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். புதன்கிழமை எழுந்து நிற்க முடியாமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதற்குள் குடல்வால் வெடித்திருந்தது, உடனே அறுவை சிகிச்சை.

"நாலாம் நாலு! செத்துப் போயிருந்தா அஞ்சுன்னு சொல்லியிருப்பா" என்று நர்ஸிடம் நீ கத்தினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

உண்மையில் ஒன்பது எதற்குத் தெரியுமா? அந்த ஆறு பேர் வார்டுக்கு. நாள் முழுக்க டிவி, தலைக்கு மேல் ட்யூப்லைட், பக்கத்துக் கட்டில் அம்மாளின் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவின் நெடி. அதற்கு யாரும் எண் கேட்கவில்லை.

உன் வீட்டுக்கு நான் எண் போட மாட்டேன். சூசொக் பண்டிகைக்கு வந்தபோது சு-ஜொங் எனக்கென்று புதுப் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டிருந்தாள். அந்தச் சோப்பு வாசனையில் எனக்குத் தலை வெடித்தது, அவள் மேல் தப்பில்லை. குளியலறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். "அத்தைக்கு எங்க மேல கோவமாப்பா?" என்று பிள்ளைகள் உன்னைக் கேட்டது காதில் விழுந்தது. வெளியே வந்து இல்லை என்று சொல்லத் தெம்பில்லை. அது இன்னும் உறுத்துகிறது. வெளியே அலுத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்து ஓய்வெடுப்பார்கள். உன் வீட்டிலேயே அலுத்துப்போனால் நான் எங்கே போவேன்?

ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை நம் வீட்டில் எனக்குப் பெயர் முசுடு. இங்கே தடித்த திரைச்சீலைக்குப் பின்னால் பாடநூல்களுக்குப் பிழை திருத்திக்கொண்டு ஆறு வருடமாக இருக்கிறேன். இந்த அறையில் நான் யாருக்கும் முசுடு இல்லை.

உன் பயத்துக்கும் வழி செய்ய வேண்டும், தெரியும். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு செய்தி அனுப்பு. வலிக்கிறதா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. குனிந்து சாக்ஸ் போட முடிந்ததா, இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேள். இவற்றுக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும். எட்டு மணிவரை பதில் வரவில்லை என்றால் புறப்பட்டு வந்துவிடு.

வந்தால் அழைப்பு மணியை அடிக்காதே, எனக்குத் தூக்கிவாரிப்போடும். என் கதவுக்கு எண் பூட்டு. குடிவந்த நாளில் வைத்த எண்ணை இதுவரை மாற்றியதில்லை, யாருக்கும் சொன்னதும் இல்லை. அது உன் பிறந்த நாள்தான், மாதம் முதலில், தேதி பிறகு. எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வா. லாரியை மட்டும் அனுப்பாதே.

உன் அக்கா
இன்-ஹ்யே